ஆர்.வி.யில் ஊர் சுற்றும்போது குறைந்த செலவில் இணையம்: எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதம் ஆர்.வி.யில், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டியில், சுற்றப் போகிறார்கள். ஒருவருக்கு வாரத்தில் நான்கு நாள் வண்டியில் இருந்தபடியே அலுவலக வேலை, அந்த நாள்களில் இரண்டு மணி நேரம் வீடியோ மீட்டிங். "மாதாமாதம் பெரிய தொகை கட்டாமல் இணையம் கிடைக்குமா? ஸ்டார்லிங்க் வாங்கியே ஆகவேண்டுமா? இல்லை, ஒரு பூஸ்டர் மாட்டினால் போதுமா?"

கிடைக்கும். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்கை இப்போதே வாங்க வேண்டியதில்லை. மொபைல் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் அநேகமாக உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நான் சில வருடங்களாக வருடத்தில் பாதி நாள் வண்டியில் தங்கி வேலை செய்கிறவன். முதல் வருடம் இணையத்துக்குச் செலவழித்ததில் பாதிக்குமேல் வீண். அந்தப் பணம் எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தபோது இரண்டே இடங்கள்தான் தெரிந்தன: கண்ணுக்குத் தெரியாமல் ஓடிய டேட்டா, என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே வாங்கிய கருவி. இந்த இரண்டையும் நீங்கள் தவிர்த்துவிட்டால் மீதியெல்லாம் சின்னச் செலவுதான்.

முதலில் டேட்டா கணக்கு. இதை யாரும் போடுவதில்லை, நேராக பிளான் பார்க்கப் போய்விடுகிறார்கள். வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 ஜிபி வரை இழுக்கும். வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்குச் சுமார் 10 ஜிபி, மாதத்துக்கு 40. அடுத்து பிள்ளைகள் பார்க்கும் வீடியோ. நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றில் எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி வரை போகும், 4கே என்றால் 7 ஜிபி வரை. அதே படத்தை நடுத்தரத் தரத்தில் பார்த்தால் 0.7 ஜிபி. தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.யில் மாதம் 180 ஜிபி, நடுத்தரத்தில் 42 ஜிபி. வண்டிக்குள் இருக்கிற சின்னத் திரையில், நான்கடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. செட்டிங்ஸில் ஒரே ஒரு தடவை மாற்றிவிட்டால், நீங்கள் வாங்க வேண்டிய பிளானின் அளவே பாதியாகிவிடும். பாட்டு, மின்னஞ்சல், செய்தி, வழிகாட்டி வரைபடம் எல்லாம் சேர்ந்தும் மாதம் பத்திருபது ஜிபியைத் தாண்டாது.

இது தெரிந்து செலவாகிற டேட்டா. தெரியாமல் செலவாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். என் முதல் பயணத்தின் இரண்டாம் நாள் இரவு மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தபடியே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மாதம் முழுவதற்கும் வைத்திருந்த டேட்டா தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி. கணினி தன் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அதே நேரத்தில் முந்தின நாள் எடுத்த வீடியோக்கள் எல்லாம் கிளவுடுக்கு ஏறியிருக்கின்றன. கணினிக்கு அது வெறும் வைஃபை. பின்னால் இருப்பது வீட்டு பிராட்பேண்டா, எண்ணி வாங்கிய மொபைல் டேட்டாவா என்று நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. ஐபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடம் எடுத்தாலே சுமார் 170 எம்பி ஆகும். அருவியடியில் பத்து நிமிடம் எடுத்தால் 1.7 ஜிபி, அது நீங்கள் தூங்கும்போது மேலே ஏறிவிடும்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். விண்டோஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் வைஃபை பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை இயக்குங்கள். மேக், ஐபோனில் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்' இருக்கும். ஒவ்வொரு கருவியிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்திவிட்டு, நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் நீங்களே இயக்குங்கள். பிள்ளைகளிடம் கேம் கன்சோல் இருந்தால் அதன் தானியங்கிப் புதுப்பிப்பை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், ஒரே விளையாட்டுக்குப் பத்து இருபது ஜிபி இழுப்பது சாதாரணம். சமூக வலைத்தளங்களில் தானாக ஓடும் வீடியோவையும் நிறுத்துங்கள். அரை மணி நேர வேலை இது. எந்த ஆன்டெனாவும் இவ்வளவு மிச்சம் பிடித்துக்கொடுத்ததில்லை.

சரி, இப்போது சிம்முக்கு வருவோம். ஒரே நிறுவனத்தின் பெரிய பிளானைவிட, இரண்டு வேறு வேறு நெட்வொர்க்கின் சின்ன பிளான்கள் நல்லது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், வண்டியில் போகிறவனுக்கு வேகம் குறைவது பெரிய பிரச்சினை இல்லை, டவரே இல்லாமல் போவதுதான் பிரச்சினை. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் அதன் டவர் எட்டாத பள்ளத்தாக்கு இருக்கும். அங்கே இன்னொன்றின் டவர் இருக்கலாம்.

ஆனால் 'வேறு நெட்வொர்க்' என்றால் பெயர் வேறாக இருந்தால் போதாது. மலிவாக சிம் விற்கும் நிறுவனங்களில் பலவற்றுக்குச் சொந்த டவர் கிடையாது, பெரிய நிறுவனத்தின் டவரில் இடம் வாங்கித் தங்கள் பெயரில் விற்கிறார்கள். நான் ஒரு வருடம் இரண்டு சிம் வைத்திருக்கிறேன் என்ற தைரியத்தில் ஒரு மலையடிவாரத்தில் போய் நின்றேன். காலை மீட்டிங் நேரத்தில் முதல் சிம்மில் சிக்னல் இல்லை. அடுத்ததைப் போட்டேன், அதிலும் இல்லை. பிறகுதான் விசாரித்தேன், இரண்டும் ஒரே டவரில் தொங்குகிறவை. ஆகவே சிம் வாங்கும்போது "இது யாருடைய டவரில் ஓடுகிறது?" என்று கேளுங்கள். இரண்டாவது சிம்மின் பதில் வேறாக இருக்க வேண்டும்.

அப்படியானால் மலிவு சிம் வேண்டாமா? வேண்டும், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் விலை ஏன் குறைகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டவரில் கூட்டம் சேரும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. நேரடி வாடிக்கையாளரின் விலை உயர்ந்த பிளான் முன்னால் நிற்கும், மறுவிற்பனை சிம் பல நேரங்களில் பின்னால் நிற்கும். கூட்டமில்லாத இடத்தில் இரண்டும் ஒரே வேகம்தான். விடுமுறை நாளில் நிரம்பி வழியும் ஆர்.வி. முகாமில் சாயங்காலம் ஏழு மணிக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்: சிக்னல் கட்டம் முழுதாக இருக்கும், பக்கம் திறக்காது. மீட்டிங் பெரும்பாலும் பகலில் இருப்பதால் உங்களுக்கு இது தாங்கக்கூடியதுதான். வேலைக்கு ஒரு நேரடி சிம், பிள்ளைகளுக்கும் மற்றதற்கும் ஒரு மறுவிற்பனை சிம் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிளானைப் பார்க்கும்போது 'அன்லிமிடெட்' என்ற சொல்லை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். இரண்டு எண்கள் வேண்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி என்பது ஒன்று. போனில் எல்லையில்லாமல் கொடுத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பது பரவலான வழக்கம், நமக்கு வேண்டியதோ ஹாட்ஸ்பாட். அந்த ஜிபி தீர்ந்தபிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பது மற்றது. 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால், 2 எம்பி கனமுள்ள ஒரு சாதாரணப் பக்கம் திறக்க இரண்டு நிமிடம் ஆகும். அது இணையம் இல்லாததற்குச் சமம். 1 எம்பிபிஎஸ் என்றால் அதே பக்கம் 16 நொடியில் வந்துவிடும். மின்னஞ்சல் ஓடும், குரல் அழைப்பு நன்றாகவே ஓடும். ஒரே விலையில் இரண்டு பிளான் இருந்தால் தீர்ந்தபின் கிடைக்கும் வேகம் அதிகமாக உள்ளதை எடுங்கள்.

ஹாட்ஸ்பாட் வரம்பை ஏமாற்றிக் கடக்கச் சில வித்தைகள் சொல்லித் தருவார்கள். ரவுட்டரின் அடையாள எண்ணைப் போனின் எண்ணாக மாற்றுவது ஒரு வகை. வீட்டு முகவரிக்கென்று விற்கிற இணையப் பெட்டியை வண்டியில் தூக்கிப் போவது இன்னொரு வகை. வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒப்பந்தத்தை மீறுவது என்பது ஒருபுறம், அவர்கள் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும் நாள் நீங்கள் எங்கேயோ காட்டோரத்தில் இருக்கும் நாளாக அமையலாம். சம்பளம் அந்தக் கம்பியில் தொங்கும்போது அந்த ஆட்டம் வேண்டாம்.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் பயண ஈசிம்மை, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்மை, பயன்படுத்தலாம். வண்டியில் உட்கார்ந்தபடியே வாங்கி ஏற்றிக்கொள்ளலாம், போன் எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில பயண ஈசிம்கள் உங்கள் டேட்டாவை மூன்றாவது ஒரு நாட்டின் வழியாகச் சுற்றி அனுப்புகின்றன. அதனால் மீட்டிங்கில் பேச்சு ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேரும், அலுவலக வலைத்தளமும் வங்கியும் நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாக நினைத்து உள்ளே விட மறுக்கலாம். மாதக் கணக்கில் தங்கப் போகிற நாட்டில் உள்ளூர் சிம்மே மலிவு.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி: நிறுத்திய இடத்தில் சிக்னலைப் படிப்பது. போனின் மேலே தெரிகிற கட்டங்களை நம்பாதீர்கள். எத்தனை கட்டம் காட்டுவது என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்வது. உண்மையான எண் உள்ளே இருக்கிறது. ஐபோனில் *3001#12345# என்று அடித்து அழைக்கும் பொத்தானை அழுத்தினால் அது தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் *#*#4636#*#* வேலை செய்யும், இல்லையென்றால் இதற்கென்றே இலவசச் செயலிகள் இருக்கின்றன. அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. (RSRP) என்று ஒரு எண் இருக்கும், சிக்னலின் பலத்தைச் சொல்லும் எதிர்மறை எண். -80க்கு மேலே என்றால் அருமை. -100 வரை வேலைக்கு ஆகும். -110 வந்துவிட்டால் தடுமாறும். -115க்குக் கீழே இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். இந்த அளவில் 3 எண் கூடினால் சிக்னலின் பலம் இரு மடங்கு, 10 எண் கூடினால் பத்து மடங்கு. பக்கத்திலேயே சின்ர் (SINR) என்று இன்னொரு எண் இருக்கும். இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்வது அது. 20க்கு மேல் பிரமாதம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

இதை வைத்து நான் செய்வது இவ்வளவுதான். போன மாதம் ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே மேசைமேல் போனை வைத்துப் பார்த்தேன், -113. கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன், -103. வண்டியின் உடல் அலுமினியம், ஜன்னல் கண்ணாடியில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சு. பத்து எண்ணை, அதாவது பத்தில் ஒன்பது பங்குச் சிக்னலை, என் சொந்த வண்டியே விழுங்கிக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி மெல்ல ஒரு நடை நடந்தேன். ஏரிப் பக்கம் -101, காட்டுப் பக்கம் -108. ஏணியில் ஏறிக் கூரைக்கு மேலே கையை நீட்டினேன், -96. டவர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வண்டியை எடுத்து மரங்களிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, படுக்கையறை ஜன்னல் ஏரியைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினேன். அந்த ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கமாகக் கூரை ஓரத்தில், மழை படாத ஒரு சின்னப் பெட்டிக்குள் பழைய போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். மீட்டிங் இரண்டு மணி நேரமும் ஒரு தடவைகூட அறுபடவில்லை. செலவு ஒன்றுமில்லை.

அந்தப் பழைய போன் யோசனையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் கிடக்கும் போனில் இரண்டாவது சிம்மைப் போட்டு, அதை ரவுட்டர்போல வைத்துக்கொள்வது ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். வெயில் நேரடியாக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே சார்ஜில் போட்டபடி வைத்தால் பேட்டரி வீங்கிவிடும், ஆபத்து. இன்னொரு சின்ன விஷயம்: சிக்னல் பலவீனமான இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் உறையும். 4ஜியில் நிலையாக நிறுத்திவிட்டால் பல நேரம் அதுவே நன்றாக ஓடும்.

காரணம் அலைவரிசையில் இருக்கிறது. 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தூரமாகப் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் அவற்றில் இடம் குறைவு. 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து 5ஜி அலைகள் அள்ளிக் கொடுக்கும், ஆனால் எட்டும் தூரம் குறைவு, இலை தழைக்கே இளைத்துவிடும். ஊரைவிட்டு விலகி நிற்கிற நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் தாழ்ந்த அலைதான். போனோ ரவுட்டரோ வாங்கினால், நீங்கள் போகிற நாடுகளில் ஓடும் தாழ்ந்த அலைவரிசைகள் அதில் இருக்கின்றனவா என்று பெட்டியைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். வேறொரு நாட்டுக்காகத் தயாரித்த மலிவான ரவுட்டரில் அந்த அலைவரிசைகள் இல்லாமலும் போகலாம்.

பூஸ்டர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது கேட்டதைத்தான் சத்தமாகத் திருப்பிச் சொல்லும். இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கூட்டத்தால் வேகம் குறைந்திருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 4ஜி, 5ஜி போன்கள் ஒரே நேரத்தில் இரண்டு, நான்கு ஆன்டெனாக்களில் தனித்தனி ஓடைகளாகத் தரவு வாங்குகின்றன. சாதாரண பூஸ்டர் அதை ஒரே ஓடையாக்கிவிடும், அதனால் ஓரளவு நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வேகம் குறையவும் செய்யும். பல நாடுகளில் அனுமதியில்லாத பூஸ்டரை மாட்டுவது சட்டவிரோதம். குரல் அழைப்பே தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில்தான் அதற்குப் பயன்.

பணம் போட்டே ஆகவேண்டும் என்றால் சிம் போடும் ரவுட்டர் ஒன்றும், அதில் நேராக மாட்டும் வெளி ஆன்டெனா ஒன்றும் வாங்குங்கள். ஆன்டெனாவுக்கு இரண்டு கேபிள் இருக்க வேண்டும், அந்த இரண்டு ஓடைகளுக்காக. கேபிளைக் குட்டையாக வைப்பது முக்கியம். மெல்லிய கேபிளில் 5 மீட்டர் ஓடினாலே 2000 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் பாதிக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும், கூரையில் ஏற்றிப் பெற்ற லாபம் அங்கேயே போய்விடும். ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு டவரை நோக்கித் திருப்பும் திசை ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். தினமும் நகர்கிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் பார்க்கிற தட்டை ஆன்டெனாதான் தொல்லையில்லாதது.

முகாம்களில் கிடைக்கும் இலவச வைஃபையைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள், ஆனால் அதைச் சரியான நேரத்தில் பயன்படுத்தினால் நல்ல மிச்சம். நூறு வண்டிகளுக்குப் பின்னால் ஒரே இணைப்பு இருக்கும். சாயங்காலம் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தால் நகராது. அதிகாலை ஐந்து மணிக்கு அதே வைஃபை ஓடுகிற வேகம் ஆச்சரியப்படுத்தும். புதுப்பிப்பு, போட்டோ பேக்கப், பிள்ளைகளுக்கு அடுத்த வாரத்துக்கான படங்கள் எல்லாவற்றையும் அப்போது இறக்கி ஏற்றிக்கொள்ளுங்கள். வெளி வைஃபையை வாங்கி உள்ளே கொடுக்கிற சின்னப் பயண ரவுட்டர் ஒன்று இருந்தால், ஒரே தடவை உள்நுழைந்தால் போதும், எல்லாக் கருவிகளும் இணைந்துவிடும். அலுவலக வேலைக்கு இப்படிப்பட்ட பொது வைஃபையில், தரவை மறையாக்கி அனுப்பும் வி.பி.என். போட்டுக்கொள்ளுங்கள். பொது நூலகங்களும் இதற்கு அருமையான இடம். அங்கே ஒரு மேசையும் அமைதியும் சேர்ந்தே கிடைக்கும், முக்கியமான மீட்டிங் உள்ள நாளில் அக்கம்பக்கத்தில் ஒரு நூலகம் இருக்கிறதா என்று நான் முதல் நாளே பார்த்துவைப்பேன். உங்களில் யாராவது பல்கலைக்கழக மாணவராக இருந்தால், பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபையான எஜுரோமை மறந்துவிடாதீர்கள். சொந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கை வைத்தே 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அதில் இணையலாம்.

கடைசியில் ஸ்டார்லிங்க். பழைய வகைச் செயற்கைக்கோள் இணையம் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கோளை நம்பியது. கேள்வி மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் நம்மிடம் வருவதற்குள் ஒளியின் வேகத்தில்கூட அரை நொடி ஆகிவிடும். அதில் மீட்டிங் நடத்துவது பெரும்பாடு. ஸ்டார்லிங்கின் கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, அதனால் அந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆர்.வி.க்காரர்களுக்கென்று அவர்கள் 2022இல் தனிப் பிளான் கொண்டுவந்தார்கள், கையில் தூக்கிப் போகும் மினி தட்டு, அதாவது கோளோடு பேசும் சின்ன ஆன்டெனா, 2024இல் வந்தது. டவரே எட்டாத பாலைவனத்திலும் மலை உச்சியிலும் நிற்கிறவர்களுக்கு இது வரம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் மாதக் கட்டணத்தோடு வேறு இரண்டு கணக்கும் உண்டு. ஒன்று மரம். தட்டுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு கிளை குறுக்கே வந்தாலும் கோள் அதன் பின்னால் போகும்போதெல்லாம் சில நொடி அறுபடும், படம் பார்க்கிறவருக்குத் தெரியாது, மீட்டிங்கில் பேசுகிறவருக்குத் தெரியும். வெயிலுக்கு நிழல் தேடி மரத்தடியில் நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய செயலியில் கேமராவை வானத்துக்குக் காட்டி எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கலாம். அடுத்தது மின்சாரம். பெரிய தட்டு 75 வாட் எடுக்கிறது என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 750 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் இருப்பதே 1200. அது பழைய ஈய பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் பத்திரமாக எடுக்கலாம். ஆகப் பகல் முடியுமுன் பேட்டரி படுத்துவிடும். மினி தட்டு 25 முதல் 40 வாட் வரைதான் எடுக்கும், பத்து மணி நேரத்துக்குச் சுமார் 300 வாட்-மணி. மொபைல் ரவுட்டரோ பத்து வாட்டுக்குள் முடிந்துவிடும். மின் இணைப்பில்லாத இடங்களில் தங்குகிறவர்கள் ஸ்டார்லிங்கின் விலையோடு ஒரு பேட்டரியின் விலையையும் சோலார் பலகையின் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகையால் உங்கள் விஷயத்தில் நான் செய்வது இப்படி இருக்கும். முதல் மாதம் எந்தக் கருவியும் வாங்க மாட்டேன். இரண்டு வேறு டவர்களின் சிம், ஒப்பந்தமில்லாத மாதாந்தரப் பிளான், ஒரு பழைய போன். வீடியோத் தரத்தையும் பேக்கப்பையும் வீட்டிலேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புவேன். போகிற வழி முழுவதற்கும் வரைபடத்தைப் போனில் இறக்கி வைப்பேன். ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் வேண்டாம், வரைபடம் போனில் இருந்தால் டவர் இல்லாத சாலையிலும் அது வழி காட்டும். வேலை நாளுக்கு முந்தின இரவு தங்குகிற இடத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுப்பேன். நிறுவனங்களின் கவரேஜ் வரைபடம் கணினியில் கணக்கிட்டு வரைந்தது, வண்டிக்குள் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது. மக்கள் தாங்களே அளந்து பதிவு செய்கிற செல்மேப்பர் போன்றவை அதைவிட நம்பகமானவை. ஞாயிறு மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, ஒரு சோதனை அழைப்பு செய்து பார்ப்பேன். சரிவரவில்லை என்றால் அடுத்த மேட்டுக்கு வண்டியை நகர்த்த அப்போது நேரம் இருக்கும், திங்கள் காலை எட்டே முக்காலுக்கு இருக்காது.

ஒரு நோட்டில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சிம்மின் எண்களையும் குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன குறை என்று அதுவே காட்டும். உள்ளே -112, வெளியே -100 என்று அடிக்கடி எழுதியிருந்தால் வெளி ஆன்டெனா வாங்குங்கள். எண் நன்றாக இருந்தும் சாயங்காலம் ஓடவில்லை என்றால் பிளானை மாற்றுங்கள், கருவி உதவாது. வேலை நாள்களில் நான்கில் ஒன்றாவது இரண்டு சிம்மிலும் ஒன்றுமே இல்லாமல் கழிந்திருந்தால், அப்போது மினி தட்டை வாங்குங்கள், அது அவசியமான செலவு.

டேட்டாவோடு சேர்த்து இதையும் எழுதிவிடுகிறேன், பிள்ளைகளோடு போகிறீர்கள் என்பதால். டவர் இல்லாத இடத்துக்குள் நுழைவதற்கு முன், எங்கே போகிறோம், எப்போது திரும்ப டவர் வரும் என்று ஊரில் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். ஐபோன் 14 முதல் வந்த போன்களில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி சில நாடுகளில் இருக்கிறது. உங்கள் போனிலும் நீங்கள் போகிற நாட்டிலும் அது உண்டா என்று கிளம்பும் முன்பே பார்த்து, செயல்விளக்கத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வானத்தைப் பார்த்துப் போனைத் திருப்பிப் பிடிக்க அது சொல்லித் தரும், உங்கள் மூத்த பிள்ளைக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள்.